இதயத்துக்கும் ஒரு யு.பி.எஸ். – "எத்தனை நாள் ஓடும்?" என்று கேட்காதீர்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் வரும்போது நான் முதலில் கேட்பது, "யு.பி.எஸ். வாங்கினீர்களா?" என்பதுதான். வாங்கியிருக்கிறோம் என்பார்கள். அடுத்த கேள்வி அவர்களிடமிருந்து வரும். "கரண்ட் போனால் எவ்வளவு நேரம் ஓடும் சார்?"

பதினைந்து நிமிடம், இருபது நிமிடம் என்று பல வருடங்களாகப் பதில் சொல்லிக் கொண்டிருந்தேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. "அந்தப் பதினைந்து நிமிடத்தில் நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்கிறேன். யு.பி.எஸ். என்பது மின்சார வாரியத்துக்கு மாற்று இல்லை. அது நமக்குக் கொஞ்சம் அவகாசம் தருகிறது. அந்த அவகாசத்தில் திறந்திருக்கும் பைலை சேவ் செய்து முறையாக ஷட் டவுன் செய்யலாம். அல்லது கரண்ட் வந்துவிடும் என்ற நம்பிக்கை இருந்தால் காத்திருக்கலாம். இரண்டையும் செய்யாமல் பேட்டரி ஓடுகிறதே என்று பார்த்துக் கொண்டிருந்தால், கடைசியில் பேட்டரியும் போகும், வேலையும் போகும்.

இந்தச் சின்ன விஷயம் எனக்கு முழுதாகப் புரிந்தது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தபோது அல்ல. சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியின் ஐ.சி.யு. வாசலில். அதைத்தான் இந்த இதழில் உங்களோடு பகிர்ந்து கொள்ள விரும்புகிறேன். கம்ப்யூட்டர் பத்திரிகையில் இதயத்தைப் பற்றி ஏன் என்று நீங்கள் கேட்கலாம். வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவரிடம்தான் இப்போது தெருவே வந்து "நெட்டில் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்கிறது. நாளை உங்களிடமும் கேட்கும். அப்போது நான் செய்த தவறை நீங்கள் செய்யக் கூடாது.

செவிலிமேட்டில் வந்த போன்

எனக்கு ஊர் செவிலிமேடு. காஞ்சிபுரத்தில் இருந்து பாலாற்றுப் பாலத்துக்குப் போகும் வழி. பட்டுச் சேலைகளுக்குக் கரையும் முந்தியும் கம்ப்யூட்டரில் டிசைன் செய்து, ஜக்கார்டு அட்டை குத்துவதற்குக் கொடுப்பது என் தொழில். சுவருக்கு அந்தப் பக்கம் சித்தப்பா வீடு. அங்கே தறி. கரண்ட் போனால் என் வேலை நின்றுவிடும். அவர் தறி நிற்காது. ஜன்னல் வெளிச்சத்தில் ஓடிக் கொண்டே இருக்கும். "உன் மெஷினை விட என் மெஷின் உசத்திடா" என்று கிண்டல் செய்வார்.

சில வருடங்களுக்கு முன் அவருக்கு மாரடைப்பு வந்தது. அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஆனாலும் இதயம் போதுமான அளவு ரத்தத்தைத் தள்ளவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு அவர் மகன் எனக்கு போன் செய்தான். "அண்ணா, எக்மோ வைக்கணுமாம். கையெழுத்து கேக்கறாங்க. நெட்ல பாத்து என்னன்னு சொல்லுங்கண்ணா."

நான் கம்ப்யூட்டரை ஆன் செய்து தேடினேன். முதலில் வந்தவை எல்லாம் செய்திகள். 2016 டிசம்பர் 4 அன்று முதல்வர் ஜெயலலிதாவுக்கு இதயத் துடிப்பு நின்று எக்மோ வைத்தார்கள். மறுநாள் இரவு அவர் காலமானார். 2020 ஆகஸ்ட் மாதம் பாடகர் எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்குக் கொரோனாவில் நுரையீரல் கெட்டு எக்மோ வைத்தார்கள். செப்டம்பர் 25 அன்று அவரும் போய்விட்டார். தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்கு இந்த வார்த்தை அறிமுகமானதே இந்த இரண்டு செய்திகளில்தான். எனக்கும் வயிற்றைக் கலக்கியது. வேறு ஒரு பக்கத்தைத் திறந்தேன். இதயமும் நுரையீரலும் செய்யும் வேலையை இந்த மெஷினே செய்துவிடும் என்று போட்டிருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். போனில் சித்தியிடம், "பயப்படாதீங்க சித்தி. மெஷினே இதயத்தோட வேலையைச் செஞ்சிடும்" என்றேன்.

அது பொய் இல்லை. ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதியை நான் படிக்கவே இல்லை.

அதன் பிறகு ஒன்பது நாட்கள். ஒவ்வொரு நாளும் நாங்கள் கேட்டது ஒரே கேள்விதான். "மெஷின் ஓடுதா? இன்னும் எத்தனை நாள் ஓடும்?" ஓடுகிறது என்றுதான் பதில் வந்தது. மெஷின் ஓடத்தான் செய்தது. சித்தப்பாவின் இதயம் திரும்பவில்லை. நான்காவது நாளே சிறுநீரகம் கெட ஆரம்பித்திருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் எங்களுக்குப் புரியும்படி சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை. தினமும் சாயந்திரம் பில் மட்டும் வந்தது. நகை அடகுக்குப் போனது. சேலை கொடுக்கும் முதலாளியிடம் முன்பணம் வாங்கினார்கள். ஒன்பதாம் நாள் எல்லாம் முடிந்தது.

எந்தக் கேள்வி கேட்டிருந்தாலும் சித்தப்பா பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்தாம் நாளே நிலைமை தெரிந்திருந்தால் சித்தி உள்ளே போய் அவர் கையைப் பிடித்துக் கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். "மெஷின் ஓடுது, வந்துடுவாரு" என்று வராந்தாவிலேயே இருந்துவிட்டார். அந்த நம்பிக்கையைக் கொடுத்தவன் நான். அந்த முன்பணத்தைத் தீர்க்க அவர் மகன் இன்னும் அதே தறியில் நெய்து கொண்டிருக்கிறான்.

இந்த மெஷின் எங்கிருந்து வந்தது?

பிறகுதான் நிதானமாக உட்கார்ந்து படித்தேன். படித்ததில் கம்ப்யூட்டர்காரர்களான நமக்கு ஆச்சரியமான விஷயங்கள் சில கிடைத்தன.

நம் இதயம் ஒரு பம்ப். நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. இதயத்தைத் திறந்து ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றால் இந்த பம்ப்பை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தினால் சில நிமிடங்களில் மூளை கெட்டுவிடும். ஓடிக் கொண்டிருக்கும் கம்ப்யூட்டரில் பவர் சப்ளையைக் கழற்றி மாட்டுவது போன்ற சங்கடம் இது.

இதற்கு வழி கண்டவர் அமெரிக்க டாக்டர் ஜான் கிப்பன். 1930ஐ ஒட்டி இந்த யோசனை அவருக்கு வந்தது. ரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து, அதில் ஆக்சிஜன் ஏற்றி, திரும்பவும் உள்ளே அனுப்ப ஒரு மெஷின். மனைவியும் அவருமாகச் சேர்ந்து பல வருடங்கள் சோதனை செய்தார்கள். 1940களின் பிற்பகுதியில் அவருக்கு உதவிக்கு வந்தது யார் தெரியுமா? ஐ.பி.எம். நிறுவனம்தான்! அதன் தலைவர் தாமஸ் வாட்சன், தன் எஞ்சினியர்களையும் பணத்தையும் கொடுத்து மெஷினைக் கட்டித் தரச் செய்தார். 1953 மே 6 அன்று பிலடெல்பியாவில், இதயத்தின் உள் சுவரில் ஓட்டை இருந்த 18 வயதுப் பெண்ணுக்கு அந்த மெஷினை வைத்து கிப்பன் ஆபரேஷன் செய்தார். 26 நிமிடங்கள் அந்தப் பெண்ணின் உயிர் முழுக்க முழுக்க மெஷினின் கையில் இருந்தது. அவர் பிழைத்தார்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு சுவாரசியம் உண்டு. ஐ.பி.எம். நிறுவனம் முதலில் வளர்ந்தது துளை போட்ட அட்டைகளைக் கணக்கிடும் மெஷின்களால். அந்த அட்டைக்கு மூதாதை தறியில் தொங்கும் ஜக்கார்டு அட்டை. சித்தப்பா தலைக்கு மேல் தொங்கிய அட்டைக்கும், அவரைத் தாங்கிய மெஷினுக்கும் இப்படி ஒரு தூரத்து உறவு.

கிப்பனுக்கு அடுத்து வந்த நோயாளிகள் பிழைக்கவில்லை. அவர் இந்த ஆபரேஷனையே விட்டுவிட்டார். மற்றவர்கள் மெஷினைத் திருத்தி எடுத்துக் கொண்டு போனார்கள். நம் பக்கத்தில் இது வந்து சேர அதிக நாளாகவில்லை. எங்கள் ஊரில் இருந்து இரண்டு மணி நேரத்தில் போய்விடக் கூடிய வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில், 1960களின் தொடக்கத்திலேயே டாக்டர் என்.கோபிநாத் இந்த மெஷினை வைத்துத் திறந்த இதய ஆபரேஷன்களைச் செய்தார். 1975ல் சென்னை பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் கே.எம்.செரியன் இந்தியாவின் முதல் பைபாஸ் ஆபரேஷனைச் செய்தார்.

மூன்று வகை, மூன்று விதமான காத்திருப்பு

ரத்தத்தைத் தள்ளும் மெஷின் என்று பொதுவாகச் சொன்னாலும் இதில் மூன்று வகைகள் முக்கியமானவை. மூன்றையும் ஒன்றாக நினைத்ததுதான் நான் செய்த முதல் பிழை.

முதல் வகை, ஆபரேஷன் தியேட்டரில் இருக்கும் ஹார்ட்-லங் மெஷின். சில மணி நேர வேலை. இதில் பல காலமாகப் பயன்படுவது ரோலர் பம்ப். ஒரு பிளாஸ்டிக் குழாயை உருளைகள் ஒரு பக்கமிருந்து அமுக்கிக் கொண்டே போகும். பற்பசை டியூபை விரலால் தள்ளுவது போல உள்ளே இருக்கும் ரத்தம் முன்னால் நகரும். பம்ப்பின் எந்தப் பாகமும் ரத்தத்தைத் தொடாது, குழாய் மட்டும்தான் தொடும். கூடவே ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் செயற்கை நுரையீரலும் இருக்கும். இதை இயக்குவதற்கென்றே படித்தவர் பெர்ஃப்யூஷனிஸ்ட். ஆபரேஷன் முடிந்ததும் மெஷினை நிறுத்தி இதயத்தை ஓட விட்டுவிடுவார்கள். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது வால்வு மாற்றியிருந்தால் பெரும்பாலும் இந்த மெஷின்தான் அவரைச் சில மணி நேரம் சுமந்திருக்கும். துடிக்கும் இதயத்திலேயே செய்யும் பைபாஸ் ஆபரேஷன்களும் உண்டு. அவற்றுக்கு இது தேவையில்லை.

இரண்டாவது எக்மோ. இது அதே யோசனையின் சின்ன வடிவம். தியேட்டரை விட்டு ஐ.சி.யு. படுக்கைக்கு வந்தது. இதில் பெரும்பாலும் ரோலருக்குப் பதில் சுழலும் பம்ப். தொடையிலோ கழுத்திலோ உள்ள பெரிய ரத்தக் குழாய்களில் தடிமனான குழாய்களைச் செருகி இணைப்பார்கள். நாள் கணக்கில், சில சமயம் வாரக் கணக்கில் ஓடும். இதிலும் இரண்டு விதம். நுரையீரலுக்கு மட்டும் உதவுவது ஒன்று. இதயத்துக்கும் சேர்த்து உதவுவது இன்னொன்று. ரத்தம் குழாயில் உறையாமல் இருக்க மருந்து கொடுக்க வேண்டும். கொடுத்தால் வேறு எங்காவது ரத்தக் கசிவு வரலாம். கொடுக்காவிட்டால் கட்டி உறையலாம். கிருமித் தொற்று, பக்கவாதம் என்று நாளாக ஆக ஆபத்தும் ஏறும். இதயத்துக்காக எக்மோ வைக்கப்படும் பெரியவர்களில் பாதிக்கும் கொஞ்சம் குறைவானவர்கள்தான் வீடு திரும்புகிறார்கள் என்று உலக அளவிலான பதிவேடுகள் சொல்கின்றன. இதை இரண்டு விதமாகவும் படிக்க வேண்டும். எக்மோ என்றாலே முடிந்தது என்பதும் தவறு. மெஷின் வந்துவிட்டது, இனி பயமில்லை என்பதும் தவறு.

எக்மோ எதையும் குணப்படுத்தாது. அது யு.பி.எஸ். இதயம் தானாகத் தேறி வரும் வரை, அல்லது ஓர் ஆபரேஷன் செய்யும் வரை, அல்லது மாற்று இதயம் கிடைக்கும் வரை, அல்லது டாக்டர்கள் ஒரு முடிவெடுக்கும் வரை அது அவகாசம் தருகிறது. கரண்ட் திரும்பி வராவிட்டால் யு.பி.எஸ்.ஸினால் என்ன செய்ய முடியும்?

மூன்றாவது வகை, உடலுக்கு உள்ளேயே வைக்கும் பம்ப். எல்வேட் என்பார்கள். இதயத்தின் இடது கீழ் அறையின் நுனியில் பொருத்தி, அங்கிருந்து ரத்தத்தை எடுத்துப் பெருந்தமனிக்கு அனுப்பும். போர்வெல்லில் இறக்கும் சப்மெர்சிபிள் மோட்டாரை நினைத்துக் கொள்ளுங்கள். சொந்த இதயம் உள்ளேயே இருக்கும். பம்ப் அதற்குத் துணை. மாதக் கணக்கில், வருடக் கணக்கில் ஓடும். நோயாளி வீட்டுக்குப் போகலாம், நடக்கலாம்.

ஆரம்ப கால எல்வேட்கள் இதயத்தைப் போலவே துடித்தன. அவற்றில் சவ்வும் வால்வுகளும் தேய்ந்து போயின. பிறகு வந்தவை துடிக்காமல் சுழல்கின்றன. இப்போது பயன்படும் ஹார்ட்மேட் 3 என்ற பம்ப்பில் உள்ளே சுழலும் பாகம் எதையும் தொடாமல் காந்த விசையில் மிதக்கிறது. உங்கள் சி.பி.யு. பேன் சில வருடங்களில் கரகரவென்று சத்தம் போடுவது பேரிங் தேய்வதால்தானே? இதில் பேரிங்கே கிடையாது. வேகம் நிமிடத்துக்கு 3,000 முதல் 9,000 சுற்று வரை வைக்கலாம். உங்கள் ஹார்ட் டிஸ்க் 5,400 அல்லது 7,200 சுற்று சுழல்கிறது. ஏறக்குறைய அதே வேகம்! இத்தகைய பம்ப் வைத்தவருக்கு மணிக்கட்டில் நாடி பார்த்தால் பல சமயம் தெரியாது. ஆள் எதிரில் உட்கார்ந்து காபி குடித்துக் கொண்டிருப்பார்.

இதிலும் கம்ப்யூட்டரின் பங்கு உண்டு. டாக்டர் மைக்கேல் டிபேக்கி 1984ல் இதய மாற்று ஆபரேஷன் செய்த ஒருவர் நாசாவில் எஞ்சினியர். டேவிட் சாசியர் என்று பெயர். இருவரும் சேர்ந்து ஒரு சின்ன பம்ப்பை உருவாக்கும் வேலையைத் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் அது ரத்த அணுக்களை உடைத்தது. விண்வெளி ஓடத்தின் எஞ்சினில் எரிபொருள் எப்படிப் பாய்கிறது என்று பார்க்கும் கணக்குகளை நாசா தன் சூப்பர் கம்ப்யூட்டர்களில் போட்டு வந்தது. அதே கணக்குகளை இந்தப் பம்ப்புக்கும் போட்டுப் பார்த்து வடிவத்தைத் திருத்தினார்கள். 1998ல் ஐரோப்பாவில் அதை மனிதருக்குப் பொருத்தினார்கள்.

சென்னையில் டாக்டர் கே.ஆர்.பாலகிருஷ்ணன் குழுவினர் எல்வேட் பொருத்தியிருக்கிறார்கள். ஆனால் பம்ப் வெளிநாட்டில் இருந்து வர வேண்டும். விலை பல பத்து லட்சங்கள். விலையைக் குறைக்க நம் நாட்டிலேயே செய்ய வேண்டும் என்று ஐ.ஐ.டி. கான்பூர் 2022ல் ஹிருதயந்திரா என்ற திட்டத்தைத் தொடங்கியது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் இதய வால்வை உள்நாட்டிலேயே உருவாக்கி 1990ல் முதல் நோயாளிக்குப் பொருத்தியது. அந்த சித்ரா வால்வு இன்று வரை பயன்படுகிறது. வால்வில் முடிந்தது பம்ப்பிலும் முடிய வேண்டும் என்பது என் ஆசை.

வீட்டுக்கு வரும் பம்ப்

எல்வேட் வைத்தவரின் வயிற்றில் இருந்து ஒரு கேபிள் வெளியே வரும். அது இடுப்பில் மாட்டிய கன்ட்ரோலரோடு இணையும். கன்ட்ரோலர் என்பது ஒரு சின்னக் கம்ப்யூட்டர்தான். அதற்கு இரண்டு பேட்டரிகள். ஒன்றை மாற்றும்போது மற்றொன்று ஓடும். தூங்கும்போது சுவர் பிளக்கில் இணைக்க வேண்டும். அலாரம் அடித்தால் என்ன செய்வது என்று வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கேதான் என் இரண்டாவது கருத்து. கரண்ட் போகும் ஊரில், எர்த் இல்லாத பிளக் பாயின்ட் உள்ள வீட்டில், ஆங்கிலத்தில் எழுதிய கையேட்டோடு இப்படி ஒரு கருவியை அனுப்பினால் போதுமா? கையேடும் அலாரம் விளக்கமும் தமிழில் வேண்டும். இது சலுகை இல்லை, பாதுகாப்பு. ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் அடிக்கும்போது எழுந்து வரப் போவது டாக்டர் அல்ல. நோயாளியின் மனைவியோ மகளோதான்.

கருவிகள் தவறே செய்யாது என்றும் நினைத்துவிட வேண்டாம். ஹார்ட்வேர் என்ற பெயரில் உலகெங்கும் பயன்பட்ட ஒரு எல்வேட் பம்ப்பின் விற்பனையை மெட்ரானிக் நிறுவனம் 2021 ஜூன் மாதம் நிறுத்தியது. மற்றொரு பம்ப்போடு ஒப்பிட்டால் இதில் பக்கவாதமும் மரணமும் அதிகம் என்று தெரிந்தது. ஒரு முறை நின்றால் திரும்ப ஸ்டார்ட் ஆகாத பழுதும் சிலவற்றில் இருந்தது. கம்ப்யூட்டர் ஹேங் ஆனால் ரீஸ்டார்ட் செய்கிறோம். இதயம் ஹேங் ஆனால்?

ஐந்து கேள்விகள்

ஆகவே, "மெஷின் எத்தனை நாள் ஓடும்?" என்று கேட்காதீர்கள். அது மெஷினைப் பற்றிய கேள்வி. நோயாளியைப் பற்றிக் கேளுங்கள்.

1. எதற்காகக் காத்திருக்கிறோம்? இதயம் தானாகத் தேறுவதற்கா, ஆபரேஷனுக்கா, மாற்று இதயத்துக்கா, இன்னும் முடிவாகவில்லையா?

2. மெஷின் தாங்குவது இதயத்தையா, நுரையீரலையா, இரண்டையுமா?

3. தேறுகிறாரா இல்லையா என்று எதைப் பார்த்து முடிவு செய்வீர்கள்? எந்தத் தேதியில் மறுபடி பார்த்து எங்களிடம் சொல்வீர்கள்?

4. எந்த நிலைமை வந்தால் மெஷினால் இனிப் பயனில்லை என்று சொல்வீர்கள்?

5. ஒரு நாளைக்கு எவ்வளவு செலவு? அரசுக் காப்பீட்டில் எது அடங்கும், எது அடங்காது?

இவற்றை ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். பதிலையும் எழுதிக் கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் போகாமல் இரண்டு பேர் போங்கள். பதற்றத்தில் ஒருவர் காதில் பாதிதான் விழும்.

இப்படிக் கேட்டால் டாக்டர்கள் கோபித்துக் கொள்வார்கள் என்று சிலர் என்னிடம் சொன்னார்கள். நடு ராத்திரியில் உயிர் போகும் அவசரத்தில் விளக்கம் சொல்லிக் கொண்டிருக்க நேரமில்லை என்பது நியாயமான வாதம்தான். கையெழுத்துப் போடும் அந்த நேரத்தில் முதல் கேள்வி மட்டும் போதும். மற்ற நான்கையும் மறுநாள் காலையில் கேட்கலாம். ஒன்பது நாட்களில் பத்து நிமிடம் இல்லாமல் போகாது. "நம்பிக்கை இல்லாமல் பேசாதே" என்று உறவினர்கள் சொல்வதும் உண்டு. நானும் அப்படிச் சொன்னவன்தான். நான்காவது கேள்வியைக் கேட்பது ஆளைக் கைவிடுவது ஆகாது. கடைசி நேரம் வருகிறது என்றால் அதை வராந்தாவில் கழிக்காமல் அவர் பக்கத்தில் கழிக்க அது உதவும்.

மாற்று இதயம் என்று சொன்னேன். 2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரன் என்ற 15 வயதுப் பையனின் உறுப்புகளை அவனுடைய பெற்றோர் தானம் செய்தார்கள். திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த டாக்டர் தம்பதி. அப்போது அந்த ஊர் எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. போலீசார் போக்குவரத்தை நிறுத்தி வழிவிட, சென்னையின் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்து இன்னொன்றுக்கு இதயம் போய்ச் சேர்ந்தது. ஒன்பது வயதுச் சிறுமிக்கு டாக்டர் செரியனின் ஆஸ்பத்திரியில் பொருத்தப்பட்டது. பழைய இதயத்தை எடுத்துப் புதியதை வைக்கும் வரை ஒரு குழந்தையின் உடலில் ரத்தத்தை ஓட வைப்பது ஹார்ட்-லங் மெஷின். அவகாசம் கொடுப்பது மெஷினின் வேலை. அந்த அவகாசத்துக்கு ஓர் அர்த்தம் கொடுத்தது ஒரு குடும்பத்தின் முடிவு.

உங்கள் கம்ப்யூட்டரில் இன்றே செய்யுங்கள்

கடைசியாக, கம்ப்யூட்டர் வைத்திருக்கும் உங்களுக்குச் சில வேலைகள்.

வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு போல்டர் திறங்கள். ஈ.சி.ஜி., எக்கோ, ரத்தப் பரிசோதனை, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து தேதியைப் பெயராக வைத்து சேவ் செய்யுங்கள். ஸ்கேனர் இல்லாவிட்டால் மொபைல் கேமராவே போதும். தினமும் சாப்பிடும் மாத்திரைகளை ஒரு பக்கத்தில் டைப் செய்யுங்கள். காப்பீட்டு அட்டையின் நகலும் அதிலேயே இருக்கட்டும். பென் டிரைவில் ஒரு பேக்கப், மொபைலில் ஒரு பேக்கப். சித்தப்பாவின் பழைய ஈ.சி.ஜி. எங்கே என்று அன்று ராத்திரி நாங்கள் பீரோவைக் குடைந்து கொண்டிருந்தோம்.

யாராவது ஒரு நோயைப் பற்றித் தேடச் சொன்னால், முதலில் வரும் செய்திகளோடு நிறுத்தாதீர்கள். பிரபலமானவர்கள் கதை நம் வீட்டுக் கதை ஆகாது. ஆறுதலாக ஒரு வரி கிடைத்ததும் விண்டோவை மூடாதீர்கள். அந்தப் பக்கத்தின் கீழே இருக்கும் ஆபத்துகள் பகுதியையும் படியுங்கள். படித்ததைத் தீர்ப்பாகச் சொல்லாமல், டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வியாக மாற்றிக் கொடுங்கள். நம் வேலை அவ்வளவுதான்.

மேலே உள்ள ஐந்து கேள்விகளையும் டைப் செய்து பிரிண்ட் எடுத்துக் காப்பீட்டு அட்டையோடு வைத்து விடுங்கள். என் வீட்டில் ஒரு காப்பி இருக்கிறது. சித்தி வீட்டுக்கும் ஒன்று எடுத்துக் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு, "இதை அன்னிக்கே குடுத்திருக்கலாமேப்பா" என்றார். என்னிடம் பதில் இல்லை. அந்தத் தாள் இப்போது தறி இருக்கும் அறையில், காலண்டருக்குப் பின்னால் செருகியிருக்கிறது.